வேண்டாம் என்று சொன்னவள்

மதியம். இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் எல்லாம் போய் முடிந்து, மூக்கண்டப்பள்ளித் தெரு அடங்கிக் கிடந்தது. எங்கள் ஒற்றை அறை வீட்டின் நடுவில், கூரைக் கொக்கியில் கட்டியிருந்த வாயில் புடவைத் தொட்டிலில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை லேசாகச் சிணுங்கியது. ஒரு கையை நீட்டித் தொட்டிலை ஆட்டினேன். பூசணிக்காய் வாசனை, பால் வாசனை, வசம்பு வாசனை. அப்போதுதான் அது வந்தது.

காதில் எந்தக் குரலும் கேட்கவில்லை. என் சொந்த மனசே, என் சொந்தப் பேச்சில், "இந்த அரிவாள்மனையை எடுத்து இந்தப் பிள்ளையை" என்று தொடங்கி ஒரு வாக்கியம் சொன்னது. முழுசாக எழுத எனக்கு இஷ்டமில்லை. உங்களுக்கே புரியும்.

அரிவாள்மனையை மடக்கினேன். பூசணிக்காயைப் பாதியில் போட்டுவிட்டு, மனையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வாசலுக்கு ஓடினேன். அங்கே வீட்டுக்காரர் மருமகள் ரத்னம்மா, தன் மகனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது உங்க வீட்லயே இருக்கட்டும்."

"ஏன், சாணை புடிக்கணுமா?"

நான் தலையாட்டினேன். அவள் அதை வாங்கிப் பரணில் வைத்தாள்.

கீரையும் பருப்பும்

ஓசூருக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைப் போன வார அத்தியாயத்தில் சொல்லியிருந்தேன். என் கணவர் ஜெபராஜ் சிப்காட்டில் ஒரு கம்பெனியில், தகட்டை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் மெஷினுக்குச் செட்டர். நாங்கள் இருவருமே நாசரேத் பக்கம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த அந்தக் காலத்தில், எங்கள் தெருவில் தெற்கத்தி ஆட்கள் நிறைய. திருநெல்வேலி, விருதுநகர், ராமநாதபுரம் என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பேச்சு. வீட்டுக்காரர்களோ வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் மாந்தோப்பு உள்ளவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

அந்த மதியத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் நறுக்குகிற காய் எதுவும் சமைக்கவில்லை. கீரையைக் கையால் கிள்ளினேன். அவரைக்காயைக் கையால் ஒடித்தேன். தக்காளியைப் பிசைந்து போட்டேன்.

"என்னட்டி, தெனமும் கீரையும் பருப்புமா?" என்று அவர் கேட்டார்.

"பால் நல்லா ஊறணும்லா அத்தான்" என்றேன். அவர் நம்பிவிட்டார்.

ஆனால் அரிவாள்மனை போனதோடு அது போகவில்லை. குளிப்பாட்டத் தண்ணீர் விளாவினால் தண்ணீரை வைத்து ஒரு வாக்கியம் வந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் கைப்பிடிச் சுவரை வைத்து ஒன்று. ஒவ்வொரு தடவையும் நான் "வேண்டாம், வேண்டாம், ஆண்டவரே வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டு விலகிப் போவேன். அவள் அழுவாள். நானும் வாசலில் நின்று அழுவேன்.

உபதேசியார் மகள்

நான் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் என்று சொன்னால்தான் இது எனக்கு என்ன செய்தது என்று உங்களுக்கு விளங்கும்.

அப்பா உபதேசியார். சின்ன ஊர்க் கோயில்களில் ஆராதனை நடத்துகிறவர். எங்கள் பக்கத்தில் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம். ஓசூர் வந்த புதிதில் "கோயிலுக்குப் போறேன்" என்று நான் சொன்னதும், ரத்னம்மா எனக்குத் தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அந்தத் தட்டோடு நான் எங்கே போய் நிற்பேன்! விஷயம் தெரிந்த பிறகு தெருவே சிரித்தது. அவள் என் மகள் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் துடைத்துவிட்டுக் கூட்டிப்போவேன். திரும்பி வந்ததும் மறுபடி வைத்துவிடுவாள். இதற்காக எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

அப்பா ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது மனசைப் பற்றித்தான். கையால் திருடாதவன் எல்லாம் யோக்கியன் இல்லை, மனசுக்குள்ளே என்ன ஓடுகிறது என்று ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பார். அடுத்த வீட்டுக் கொய்யாவை நினைத்ததற்காகவே நான் ராத்திரி ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மனசைக் காத்துக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மற்ற பிள்ளைகள் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினால், நான் மனசைக் காப்பதில் வாங்கிவிடலாம் என்று நினைப்பேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலை பார்த்ததும் அந்த மாதிரி இடத்தில்தான். வயரிங் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். லென்ஸ் வழியாக ஒவ்வொரு பீஸாகப் பார்த்து, பழுது இருந்தால் சிவப்புப் பொட்டு வைத்து ஒதுக்க வேண்டும். என் கண்ணில் தப்பிப் போனது என்று ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்ன நாள் இன்றும் நினைவிருக்கிறது.

அப்படிப்பட்டவள் மனசில், தன் பிள்ளையைப் பற்றி, அப்படி ஒரு வாக்கியம். எந்த மாடும் தன் கன்றைப் பார்த்து அப்படி நினைத்திருக்காது. வீட்டுக்காரர் மாடு கொல்லையில் கன்றை நக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், நான் அதைவிடக் கீழே போய்விட்டேன் என்று தோன்றும்.

வெளியூர் அம்மா

நாங்கள் ஓசூரில் போய்வந்த சபை வாடகை ஹாலில் நடந்தது. காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் கன்னடம், சாயந்தரம் தெலுங்கு. ஒரே ஹார்மோனியம்தான் மூன்று பாஷையிலும் வாசித்தது. பாஸ்டர் பெயர் சாமுவேல். நாற்பது வயது இருக்கும். வாரநாளில் டியூஷன் எடுத்துப் பிழைத்தார்.

நான் மெலிந்துகொண்டே போவதைப் பார்த்த சபைப் பெண்கள், வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் ஊழியக்கார அம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். தூக்கம் வரவில்லை, பசி இல்லை என்று மட்டும்தான் நான் சொன்னேன்.

அந்த அம்மா என் தலையில் கை வைத்தார். நல்ல கனமான கை.

"மனசுல எதையோ மறைக்கிறே மகளே. தப்பான நினைவுக்கு இடம் குடுத்திருக்கே. நினைச்சாலே செஞ்ச மாதிரிதான், தெரியும்ல?"

"தெரியும்மா."

"பிசாசு சும்மா வீட்டுக்குள்ள வர மாட்டான். யாரோ கதவைத் திறந்து விட்டிருக்காங்க. உபவாசம் இரு. அதுவரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுக்காதே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்காகக் கண்ணீர் விட்டுத்தான் ஜெபித்தார். ஆனால் அவர் போன பிறகு நான் எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். நினைத்தாலே செய்த மாதிரி என்றால், நான் ஏற்கெனவே செய்துவிட்டேன். இனி அந்தப் பிள்ளை பக்கத்தில் இருக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ரத்னம்மா செய்த காரியம்

மறுநாள் காலை ஜெபராஜ் முதல் ஷிஃப்டுக்குப் போனதும், பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டேன். என் துணி கொஞ்சம் பையில் வைத்தேன். எங்கே போவது என்றுகூட முடிவு செய்யவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும், முதலில் கிளம்புகிற பஸ்ஸில் ஏற வேண்டும், அவ்வளவுதான். அவரே பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய்த் தன் அம்மாவிடம் விட்டு வளர்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

பிள்ளையை ரத்னம்மா கையில் கொடுத்தேன். அவள் மாமனார் மாமியார் மாந்தோப்புக்குப் போயிருந்தார்கள். அவள் மகன் நவீன் தரையில் உட்கார்ந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது.

"கொஞ்சம் பாத்துக்கிடுங்கக்கா. ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்திடுதேன்."

அவள் என் பையைப் பார்த்தாள். "ரேஷனுக்குப் போறவ எதுக்கு வேதப் புஸ்தகத்த எடுத்துனு போறே?"

நான் பையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"ஏமாயிந்தி?" என்றாள். பதறினால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். "இன்னாம்மா ஆச்சு? உன் வூட்டுக்காரர் அடிச்சாரா?"

"இல்லக்கா."

"மாமியார் எதனா சொன்னாங்களா?"

"இல்ல."

"பின்ன இன்னா?"

நான் சொன்னேன். இங்கே எழுதாமல் விட்ட வாக்கியத்தை அவளிடம் முழுசாகச் சொன்னேன். வெளிச்சத்தில், என் காதால் நானே கேட்டு, சொன்னேன். அரிவாள்மனை, தண்ணீர், மாடிச் சுவர், எல்லாம் சொன்னேன். அவள் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்துவாள் என்று காத்திருந்தேன். அப்படி அவள் செய்திருந்தால் நான் நிம்மதியாகப் போயிருப்பேன்.

அவள் நகரவில்லை.

"இன்னிக்கும் வந்துச்சா?"

"காலையில வந்திச்சு."

"வந்ததும் இன்னா பண்ணே?"

"பிள்ளையைக் கீழ போட்டுட்டு வாசலுக்கு ஓடியாந்துட்டேன்."

ரத்னம்மா என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். என் மகளை என் மடியில் போட்டாள். நவீனைத் தூக்கி, அவனையும் என் முன்னால் உட்கார வைத்தாள். இட்லிக் கிண்ணத்தை என் கையில் திணித்தாள்.

"இவன் இன்னும் எதுவும் திங்கல. ஊட்டினே இரு. நான் போயி உன் வூட்டுக்காரரக் கூட்டினு வரேன்."

"ஐயோ அக்கா, வேண்டாம்! பிள்ளையளத் தூக்கிட்டுப் போயிருங்க!"

"மொபெட்ல புள்ளைங்கள எங்க ஒக்கார வெக்கறது? நானே இப்பதான் ஓட்டக் கத்துனு இருக்கேன்" என்றபடி செருப்பை மாட்டினாள். "கதவு தொறந்தே கெடக்கட்டும். தெருவுல ஆளு இருக்கு. வந்துர்றேன்."

மொபெட் இருமி இருமிக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தேன்.

அது வந்தது. வராமல் இருக்குமா? வேண்டாம் என்றேன். நவீன் வாயைத் திறந்து காட்டினான். இட்லியைப் பிட்டு வைத்தேன். பாதியைத் துப்பினான், என் புடவையில் கையைத் துடைத்தான். மறுபடி வந்தது. வேண்டாம் என்றேன். இந்த முறை எழுந்து ஓட முடியவில்லை, மடி நிறையப் பிள்ளைகள். ஓய்வுநாள் பள்ளிப் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தேன். நவீன் கரண்டியால் தாளம் போட்டான். எவ்வளவு நேரம் பாடினேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் என் மகள் என் மார்பில் முகத்தை வைத்துத் தேட, நானே அறியாமல் அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து ரத்னம்மாவிடம் கேட்டேன், "உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்று.

"பயம் இல்லாம? வழி பூரா முனீஸ்வரனக் கும்புட்டுக்கினேதான் போனேன். ஆனா செய்யறவ எதுக்குடி அரிவாமணைய எடுத்தாந்து பக்கத்து வூட்டுல குடுப்பா? அத யோசிச்சேன். யோசிச்சதும் தைரியம் வந்துச்சு."

கேட்டில் நின்ற மொபெட்

அன்று ரத்னம்மா கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியிடம் "அவசரம், அவசரம்" என்று மூன்று பாஷையிலும் சத்தம் போட்டு, ஜெபராஜ் வெளியே வர அவுட்பாஸ் வாங்கிவிட்டாள். எண்ணெய்க் கறை படிந்த யூனிஃபார்மோடு அவர் ஓடி வந்தார். அந்த மொபெட்டில் அவளைப் பின்னால் உட்கார வைத்து அவர்தான் ஓட்டி வந்தார். பிள்ளைக்கு என்னவோ என்று பயந்து வந்த மனிதர், இரண்டு பிள்ளைகளும் தூங்குவதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

ரத்னம்மா நவீனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் அவரிடமும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது கொஞ்சம் எளிதாக இருந்தது.

அவர் அதிகம் பேசாத ஆள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா?"

"பூசணிக்கா வாங்கியாந்தியள்லா, அன்னையில இருந்து."

"அது வரும்போது நீ என்ன சொல்லுவ?"

"வேண்டாம்னு சொல்லுவேன்."

"ஒரு தடவையாவது சரின்னு சொன்னியா?"

"அத்தான்!" என்று கத்திவிட்டேன்.

"கேக்கேன், சொல்லு. ஒரு தடவையாவது?"

"இல்ல. ஒரு தடவைகூட இல்ல."

அவர் கண் கலங்கியது. "அப்பம் நீதான ஜெயிச்சிருக்க பிள்ள. தெனமும் நீதான ஜெயிச்சிருக்க. தோத்தவ மாதிரி எதுக்கு ஊரவிட்டு ஓடப் பாக்க?"

இதுநாள்வரை எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

சாயந்தரம் பாஸ்டர் வந்தார். அவரிடம் ஜெபராஜ் சொன்னார். ஊழியக்கார அம்மா சொன்னதையும், அப்பா சொல்லிக்கொடுத்ததையும் நான் சொன்னேன்.

பாஸ்டர் யோசித்துத்தான் பேசினார். "உங்கப்பா சரியாத்தாம்மா சொல்லியிருக்கார். ஆனா ஒருத்தன் வாசல்ல வந்து எட்டிப் பாக்கறது வேற, நாம அவன உள்ள கூப்பிட்டு இலை போட்டு உக்கார வைக்கறது வேற. நீ ஒரு நாளும் இலை போடலியே. மனசைக் காக்கறதுன்னா எதுவுமே எட்டிப் பாக்காம இருக்கறதுன்னு நினைச்சிட்டே. ஜெபம் பண்ணுவோம். நாளைக்கு டாக்டர்கிட்டயும் போவோம். நானும் வரேன்."

பயமா, ஆசையா?

எல்லை தாண்டிப் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்திபெலே செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் பஸ் ஊர்ந்தது. பாஸ்டர் டியூஷன் பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டு வந்து, அந்த நீள வராந்தாவில் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் கன்னடக்காரப் பெண். தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினார். நான் சொன்னதை எல்லாம் முகம் மாறாமல் கேட்டார்.

"அந்த யோசனை வரும்போது பயம் ஆகுதா, ஆசை ஆகுதா?"

"பயம்மா. செத்துப்போயிரலாம்னு தோணுத அளவுக்குப் பயம்."

"காதுல யாரோ பேசற மாதிரி கேக்குதா? அவங்க சொல்றது சரின்னு தோணுதா?"

"இல்லம்மா."

அவர் பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை பெற்ற நிறையத் தாய்மார்களுக்கு இப்படி யோசனை வரும், வெளியே சொல்கிறவர்கள்தான் கொஞ்சம் என்றார். இது ஒரு நோய், பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது என்றார். சாக வேண்டும் என்று தோன்றினால் அதையும் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்று என்னிடமும் ஜெபராஜிடமும் சொன்னார். வேறு சிலருக்குக் குரல் கேட்கும், அது சொல்வதே நியாயம் என்று படும், அவர்களை ஒரு நிமிஷம்கூடப் பிள்ளையோடு தனியாக விடாமல் உடனே கூட்டி வர வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னார். ரத்னம்மா செய்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அவங்க தைரியம் பெருசு. ஆனா எல்லார்கிட்டயும் அப்படிச் செய்யக்கூடாது. ஒங்க விஷயத்துல சரியாப் போச்சு" என்றார். இதைப் படிக்கிறவர்களும் டாக்டர் சொன்னதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை கொடுத்தார். பால் கொடுக்கலாம் என்றார். பிறகு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார். விட்டு ஓடுவதை நிறுத்த வேண்டும். அரிவாள்மனை வீட்டுக்குத் திரும்ப வேண்டும். முதலில் யாராவது கூட இருக்கும்போது, பிறகு தனியாக, பிள்ளை இருக்கிற அறையிலேயே காய் நறுக்க வேண்டும்.

மாதக்கணக்கில் ஆனது. முதல் நாள் ஒரே ஒரு வெண்டைக்காய் நறுக்கியதும் அரிவாள்மனையை மடக்கிவிட்டேன். ஜெபராஜ் அந்த ஒற்றைக் காயைத் தனியாக வதக்கச் சொல்லிச் சாப்பிட்டார். எண்ணம் வரும். வந்துட்டியா, சரி, அங்கேயே நில்லு என்பேன். வேலையைத் தொடர்வேன். மெல்ல மெல்ல அதன் சத்தம் குறைந்தது. ஒரு நாள் சாம்பார் கொதிக்கும்போதுதான் கவனித்தேன், அன்று முழுவதும் அது வரவேயில்லை.

ஆயுத பூஜை

ஓசூரில் ஆயுத பூஜை என்றால் கம்பெனிகள் திறந்த வீடு மாதிரி. தொழிலாளர் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வேறு நாளில் எண்ணெய் நாற்றம் அடிக்கிற இடம், அன்று பொரியும் பூவுமாக மணக்கும். நாங்கள் பூஜைக்கு நிற்காவிட்டாலும் போவோம். ஜெபராஜுக்குத் தன் மெஷினை எங்களுக்குக் காட்டியே ஆக வேண்டும்.

அந்த வருஷம் புதிதாக ஒரு ரோபோ கை வந்திருந்தது. அதன் மணிக்கட்டில் யாரோ மாலை கட்டியிருந்தார்கள். எஞ்சினியர் பையன் ஒருவன் பட்டனை அழுத்தினான். அது குனிந்து ஒரு தகட்டை எடுத்து, திரும்பி, சொன்ன இடத்தில் வைத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"மனுஷனை விட இதுதாங்க பெஸ்ட். மனசு அலைபாயாது. சொன்னா சொன்னதைச் செய்யும்" என்றான் அவன்.

ஜெபராஜ் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார், "சொன்னதைச் செய்யும், சரிதான். தப்பா ஒண்ணச் சொன்னாலும் செய்யும். மாட்டேன்னு சொல்ல அதுக்குத் தெரியாதுலா."

கூட்டத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அந்தக் கையைப் பார்த்தபடியே நின்றேன். எனக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. கொல்லை மாட்டைப் பார்த்து நான் வெட்கப்பட்டது நினைவு வந்தது. மாட்டுக்குத் தோன்றாது, உண்மை. ஆனால் அதற்கு ஒன்று தோன்றிவிட்டால் அதைத் தள்ளி நிற்கச் சொல்ல அதனால் முடியாது. இந்த மெஷினாலும் முடியாது. என்னால் முடிந்தது. என் மனசில் எழுந்ததை நானே எதிரே நிறுத்திப் பார்த்து, இது நான் இல்லை, வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. ஆண்டவர் தம்முடைய சாயலாக மனுஷரை உண்டாக்கினார் என்று சின்ன வயசிலிருந்து ஒப்பித்திருக்கிறேன். சாயல் என்றால் மூக்கும் கண்ணும் என்று நினைத்திருந்தேன். அந்த பிரஸ் ஷாப்பில், கையில் பொரிப் பொட்டலத்தோடு, அது என்ன என்று எனக்குப் புரிந்தது. நான் மாட்டுக்குக் கீழே போகவே இல்லை. அந்த மாதங்களில்தான் நான் முழு மனுஷியாக இருந்திருக்கிறேன்.

சாட்சி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல எழுந்தேன். வழக்கமாக வேலை கிடைத்தது, காய்ச்சல் தீர்ந்தது என்று சொல்வார்கள். நான் இதைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. மாத்திரை சாப்பிடுவதையும் சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். வலித்தது. ஆண்கள் பக்கத்தில் ஜெபராஜ் எழுந்து நின்றார். நான் முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் "ஆமென்" என்று அவர் சொன்ன சத்தத்தில் கன்னட ஆராதனைக்கு வந்து வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சில வாரங்கள் யாரும் என் கையில் பிள்ளையைக் கொடுக்கவில்லை. அதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்குள் உத்தனப்பள்ளியிலிருந்து ஒரு தக்காளித் தோட்டக்காரர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர்கள் எங்கள் சபைக்காரர்கள் இல்லை, கிறிஸ்தவர்களும் இல்லை. யாரோ சொல்லி யாரோ கேட்டு வந்திருந்தார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி, "அக்கா, உங்களுக்கு வந்த மாதிரியே எனக்கும்" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அன்றே அவர்களோடு பஸ் ஏறி அந்த டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதன் பிறகு வருஷத்துக்கு இரண்டு பேராவது வந்தார்கள். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டை விசாரித்து வருகிறவர்கள், "பிள்ளை பெத்த பொண்ணுங்களைப் பெங்களூருக்குக் கூட்டிப் போவாங்களே, அந்த அக்கா" என்று அடையாளம் சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று ரொம்ப நாள் தயங்கினேன். என்னைப் பற்றி நான் எழுதலாம், மகளைப் பற்றி எழுத அவளிடம் கேட்க வேண்டுமே. இப்போது அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். எழுதியதைப் போனில் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள்.

"எழுதட்டுமா மக்கா? வேணும்னா பேரை மாத்திப் போடுதேன்."

"எதுக்கும்மா மாத்தணும்? என் பேரையே போடுங்க. இந்த அம்மாவுக்கு நான்தான் பிள்ளைன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

அவள் பெயர் ஜெமிமா.